சில்லருக்கு ஓர் எண்ணெய்க் குளியல்

பெங்களூருக்கு வந்த புதிதில் நம்மவர்கள் எல்லோரும் சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு: "இந்த ஊருக்கு எதற்கய்யா ஏ.சி.?" கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். அதிலும் எங்கள் மல்லேஸ்வரம், 1898-ல் பிளேக் நோய் வந்து பழைய நகரத்து நெரிசலிலிருந்து ஜனங்கள் வெளியேறியபோது வேகமாக வளர்ந்த பேட்டை. அகலமான தெருக்கள், மரங்கள், ஓட்டு வீடுகள், வீட்டைச் சுற்றிக் காற்று வர இடம். நோபல் பரிசு பெற்ற நம் சர் சி.வி. ராமன் அவர்களின் 'பஞ்சவடி' வீடு இங்கேதான் இருக்கிறது. அந்தக் காலத்து வீடுகளுக்கு மின்விசிறியே அதிகப்படி.

இன்றைக்குக் கதை வேறு. 2010-ல் சம்பிகே ரோட்டில் மந்திரி ஸ்கொயர் வணிக வளாகம் வந்தது. 2014-ல் அதன் வாசலிலேயே மெட்ரோ ரயிலும் வந்து நின்றது. மருத்துவமனைகள், கண்ணாடிச் சுவர் அலுவலகங்கள், கல்யாண மண்டபங்கள் என்று ஒவ்வொன்றாக எழும்பிவிட்டன. கண்ணாடிப் பெட்டிக்குள் ஆயிரம் பேரையும் ஆயிரம் கம்ப்யூட்டரையும் விளக்குகளையும் வைத்து மூடினால், வெளியே மார்கழிப் பனி கொட்டினாலும் உள்ளே வெந்துதான் போவோம். ஆகவே கட்டிடத்தின் கீழ்த்தளத்திலோ மொட்டை மாடியிலோ ஒரு ராட்சசன் உட்கார்ந்து குளிர் தந்துகொண்டிருக்கிறான். அவனுக்குப் பெயர் சில்லர். அவனுக்கு எண்ணெய் மாற்றுவது என் தொழில்.

"சில்லரா? பிரிட்ஜ் மாதிரியா?" என்று சங்கத்து நண்பர்கள் கேட்பார்கள். அதேதான், அளவுதான் வேறு. வீட்டு ஏ.சி. காற்றை நேரடியாகக் குளிர வைக்கிறது. சில்லர் தண்ணீரைக் குளிர வைக்கிறது. சுமார் 7 டிகிரியில் தண்ணீர் குழாய் வழியாக மாடி மாடியாகப் போகும். அங்குள்ள உஷ்ணத்தை வாங்கிக்கொண்டு 12 டிகிரியில் திரும்பி வரும். இதன் சக்தியை 'டன்' கணக்கில் சொல்வோம். எடைக்குச் சொல்கிற டன் இல்லை இது. ஒரு நாளில் 907 கிலோ ஐஸ் உருகினால் எவ்வளவு குளிர் கிடைக்குமோ அதுதான் ஒரு டன். கப்பலில் ஐஸ் வந்த காலத்துக் கணக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சென்னைக் கடற்கரையில் 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸை நம்மில் பலர் பார்த்திருப்போம். பிறகு விவேகானந்தர் வந்து தங்கி, இன்று விவேகானந்தர் இல்லம் என்று பெயர் பெற்ற கட்டிடம். அமெரிக்காவில் ஏரியை வெட்டி எடுத்த ஐஸைக் கப்பலில் கொண்டுவந்து அங்கே சேமித்தார்கள். ஒரு நடுத்தரக் கட்டிடத்து 300 டன் சில்லர் முழு வேகத்தில் ஒரு நாள் ஓடினால், 2,72,000 கிலோ ஐஸ் உருகிய குளிர்ச்சி. எத்தனை கப்பல் வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்!

இந்த இயந்திரத்தின் இருதயம் கம்ப்ரஸர். பெரிய சில்லர்களில் இரண்டு வகை அதிகம். ஒன்று ஸ்க்ரூ: முறுக்கிய இரண்டு இரும்பு உருளைகள் ஒன்றோடொன்று கோத்துச் சுழன்று கேஸை நசுக்கும். மற்றொன்று சென்ட்ரிபியூகல்: விசிறி போன்ற சக்கரம் ஒன்று நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுழன்று கேஸை வெளிப்புறமாக வீசி அழுத்தும். இந்த இரண்டாவது வகையை வில்லிஸ் கேரியர் என்ற அமெரிக்கர் 1922-ல் அறிமுகப்படுத்தினார். நூறு வருஷம் தாண்டியும் அடிப்படை அதேதான்.

அந்த வேகத்தில் சுழலும் தண்டு பேரிங்கின் மீது உட்கார்ந்திருப்பதாக நினைக்கிறோம். உண்மையில் தலைமுடியை விட மெல்லிய ஓர் எண்ணெய்ப் படலத்தின் மீது அது மிதக்கிறது. படலம் அறுந்தால் சில விநாடிகளில் பேரிங் தேய்ந்து, சக்கரம் உறையில் உரசி, பல லட்ச ரூபாய் சாமான் பழைய இரும்பாகிவிடும். அதனால்தான் மோட்டார் கிளம்புவதற்கு முன்பே எண்ணெய் பம்ப் ஓட ஆரம்பிக்கும். மோட்டார் நின்ற பிறகும் தண்டு ஓயும்வரை ஓடும். ஸ்க்ரூ வகையில் எண்ணெய்க்கு இன்னும் பல வேலை. உருளைகளுக்கு இடையே உள்ள சந்தை அடைத்துக் கேஸ் பின்வாங்காமல் காப்பது, சூட்டை எடுத்துச் செல்வது, சக்தியைக் கூட்டிக் குறைக்கும் வால்வை நகர்த்துவது எல்லாமே எண்ணெய்தான்.

கார் எண்ணெய்க்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கார் எஞ்சினில் எண்ணெய் தனி, பெட்ரோல் தனி. சில்லரில் எண்ணெயும் கேஸும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. போதாக்குறைக்கு இரண்டுக்கும் ஒட்டுறவு அதிகம். இயந்திரம் நின்று ஆறினால், கேஸ் மெள்ள மெள்ள எண்ணெய்க்குள் போய்க் கரைந்துவிடும். மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது உள் அழுத்தம் சட்டென்று இறங்கும். அப்போது மூடி திறந்த சோடா பாட்டில் மாதிரி எண்ணெய் முழுவதும் நுரைத்துப் பொங்கும். பம்ப் எண்ணெயை இழுக்காமல் நுரையை இழுக்கும். பேரிங்குக்குப் பட்டினி.

இதைத் தடுக்கத்தான் எண்ணெய்த் தொட்டியில் ஒரு ஹீட்டர் உண்டு. சில்லர் நின்றிருக்கும்போது இருபத்துநான்கு மணி நேரமும் அது எரிய வேண்டும். ஓர் அலுவலகத்தில் சனிக்கிழமை மாலை மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகிற பழக்கம் இருந்தது. மின்சாரச் சிக்கனமாம்! திங்கட்கிழமை காலை தோறும் 'ஆயில் பிரஷர் லோ' என்று இயந்திரம் நின்றுவிடும், எங்களுக்குப் போன் வரும். ஹீட்டரின் கரண்ட் செலவு ஒரு பேரிங்கின் விலைக்கு முன்னால் உப்புக்குச் சமம் என்று அவர்களுக்கு விளங்க வைக்க மூன்று திங்கட்கிழமை ஆயிற்று. உங்கள் குடியிருப்பிலோ அலுவலகத்திலோ சில்லர் இருந்தால், அதன் பேனலில் 'ஹீட்டர்' விளக்கு எரிகிறதா என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். அதற்கு என்ஜினீயராக இருக்க வேண்டியதில்லை.

அடுத்தது, எந்த எண்ணெய்? இங்கேதான் தவறுகள் மலிந்து கிடக்கின்றன. நான் தொழில் கற்றபோது ஆர்-11, ஆர்-12, ஆர்-22 என்கிற கேஸ்கள்தான். அவற்றுக்கு மினரல் ஆயில், அதாவது கச்சா எண்ணெயிலிருந்து சுத்திகரித்து எடுத்தது, ஒத்துப்போகும். பிறகு ஓசோன் படலத்தில் ஓட்டை என்று உலகம் விழித்துக்கொண்டது. 1987-ல் மான்ட்ரீல் ஒப்பந்தம். 1992-ல் இந்தியாவும் சேர்ந்தது. ஆர்-11, ஆர்-12 விடைபெற்றன. ஆர்-134ஏ போன்றவை வந்தன. இந்தப் புதுக் கேஸுக்கும் மினரல் ஆயிலுக்கும் ஒத்துவராது, மாமியார் மருமகள் மாதிரி. எனவே பாலியால் எஸ்டர் என்ற செயற்கை எண்ணெய் வந்தது. நாங்கள் சுருக்கமாக பி.ஓ.இ. என்போம்.

பி.ஓ.இ.க்கு ஒரு கெட்ட குணம்: தண்ணீரைக் கண்டால் விடாது. காற்றிலுள்ள ஈரத்தையே உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் சேர்ந்து சூடும் ஏறினால் எண்ணெய் சிதைந்து அமிலம் உண்டாகும். அமிலம் மோட்டார் சுருளின் காப்பை அரிக்கும். அதனால் இது தகர டின்னில் மட்டுமே வரும். பிளாஸ்டிக் கேனின் சுவர் வழியாகக்கூட ஈரம் ஊடுருவும். டின்னை உடைத்தால் அன்றே தீர்க்க வேண்டும். மிச்சத்தை மூடிவைத்து ஆறு மாதம் கழித்து ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விலை அதிகம், கொட்ட மனம் வராது, உண்மைதான். ஆனால் டின் மிச்சம், மோட்டார் நஷ்டம்.

ஒரு கட்டிடத்தில் ஆர்-134ஏ சில்லர். அளவு குறைகிறதே என்று யாரோ மலிவாகக் கிடைத்த மினரல் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். கேஸோடு கலக்காத அந்த எண்ணெய், கம்ப்ரஸரிலிருந்து வெளியேறிக் குளிர்ப்பகுதிக்குள் போய் அங்கேயே தங்கிவிட்டது. திரும்பி வரவில்லை. தொட்டியில் மறுபடி அளவு குறைகிறது, மறுபடி ஊற்றுகிறார்கள். குழாய்களின் மேல் எண்ணெய் படிந்தால் குளிர் எப்படிக் கடத்தப்படும்? கரண்ட் பில் ஏறுகிறது, தண்ணீர் மட்டும் குளிர மாட்டேன் என்கிறது. எங்களைக் கூப்பிட்டார்கள். பி.ஓ.இ. ஊற்றி ஓட்டி, வடித்து, மறுபடி ஊற்றி ஓட்டி, வடித்து என்று மூன்று முறை செய்த பிறகுதான் பழைய எண்ணெயின் பங்கு நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே வந்தது. முதலில் மிச்சம் பிடித்த பணம் எத்தனை மடங்காகத் திரும்பிப் போயிற்று என்று அந்த மேலாளர்தான் சொல்ல வேண்டும்.

எப்போது மாற்றுவது என்பதில் எங்கள் தொழிலிலேயே இரண்டு கட்சி உண்டு. வருஷா வருஷம் தீபாவளிக்கு வீடு வெள்ளையடிப்பது போல மாற்றிவிட வேண்டும் என்பது ஒன்று. பரிசோதனைச் சாலைக்கு அனுப்பிப் பார்த்துக் கெட்டிருந்தால் மட்டும் மாற்றுவது மற்றொன்று. நான் இரண்டாவது கட்சி. புது இயந்திரத்துக்கு முதல் வருஷ முடிவில் கட்டாயம் மாற்ற வேண்டும். மோட்டார் எரிந்துபோனால் பேச்சே இல்லை. மற்ற சமயங்களில் எண்ணெயின் ரத்தப் பரிசோதனையே வழிகாட்டும். ஈரம் எவ்வளவு, அமிலம் எவ்வளவு, பிசுபிசுப்பு மாறியிருக்கிறதா, என்னென்ன உலோகத் துகள் இருக்கிறது என்று எழுதி அனுப்புவார்கள். இரும்பு கூடினால் தண்டையோ பல் சக்கரத்தையோ பார்க்க வேண்டும். அலுமினியம் என்றால் சுழலும் சக்கரம். ஈயமும் வெள்ளீயமும் தெரிந்தால் பேரிங் பேசுகிறது என்று பொருள். ஒரு கணக்கை விட வருஷக்கணக்கில் ஏறுகிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். காரணம் தெரியாமல் எண்ணெயை மட்டும் மாற்றினால், நோயாளியின் ரத்தத்தை மாற்றிவிட்டு நோயை உள்ளேயே விட்ட கதை.

சரி, வேலை எப்படி நடக்கிறது? மல்லேஸ்வரம் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் நடந்த இரவைச் சொல்கிறேன். அங்கே இரண்டு சில்லர்கள். ஒன்று ஓட, ஒன்று ஓய்வு. கோடையில் இரண்டும் ஓடும். காலை ஏழு மணிக்கு அறுவைச் சிகிச்சைகள் ஆரம்பம். அறுவை அறைக்குக் குளிர் என்பது சொகுசு அல்ல. ஈரம் கூடினால் கிருமிக்குக் கொண்டாட்டம். ஆகவே எங்களுக்குக் கிடைத்தது இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை. என்னோடு தருமபுரிப் பக்கத்துத் தம்பிகள் இரண்டு பேர். ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனப் பிரிவு இரண்டு வருஷம் படித்துவிட்டு வந்தவர்கள்.

காவலாளி கன்னடக்காரர். "ராத்திரியெல்லாம் எண்ணெயா சார்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். கன்னடத்தில் எண்ணெ என்றால் எண்ணெய்தான். பேச்சு வழக்கில் சாராயத்துக்கும் அதே பெயர்!

முதல் வேலை, மின்சாரத்தை நிறுத்திப் பிரேக்கரில் பூட்டுப் போட்டுச் சாவியை நம் பையில் வைத்துக்கொள்வது. நம் கை உள்ளே இருக்கும்போது வேறு யாரும் தெரியாமல் சுவிட்சைப் போடக்கூடாது. ஹீட்டரையும் நிறுத்த வேண்டும். எண்ணெய் வடிந்த பிறகு வெறும் தொட்டியில் ஹீட்டர் எரிந்தால் கருகிவிடும். ஆனால் எண்ணெய் ஆறிப்போகவும் விடக்கூடாது. சூடாக இருந்தால்தான் கரைந்த கேஸ் பிரிந்திருக்கும். பிறகு கேஸை மீட்கும் இயந்திரத்தால் இழுத்து, உள் அழுத்தத்தை ஏறக்குறைய வெளிக்காற்றின் அளவுக்குக் கொண்டுவந்தோம். அதைக் காற்றில் திறந்துவிடுகிறவர்களும் உண்டு. ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காது என்றாலும், பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவை விட ஆயிரம் மடங்குக்கும் மேல்.

வடிக்கிற எண்ணெயை அளவுக்கோடு போட்ட கேனில்தான் பிடிக்க வேண்டும். இதில் பலர் அலட்சியம். அன்றைக்கு வந்தது 34 லிட்டர். இயந்திரப் பலகையில் எழுதியிருந்தது 38. மீதி நாலு லிட்டர் ஆவியாகிவிடவில்லை, குளிர்ப்பகுதிக்குள் எங்கோ கிடக்கிறது. இது தெரியாமல் புதிதாக 38 ஊற்றினால், அது பிறகு திரும்பி வரும்போது அளவு மிஞ்சும்.

பில்டரைக் கழற்றினோம். தம்பி ஒருவன் பழக்கதோஷத்தில் பனியன் வேஸ்ட்டால் உறையைத் துடைக்கப் போனான். திருப்பூரிலிருந்து வரும் அந்தத் துணிக்கழிவு கை துடைக்க அருமையானது, ஆனால் அதன் நூல் ஒன்று உள்ளே போனால் சின்னத் துவாரத்தை அடைத்துக்கொள்ளும். நூல் பிரியாத துணிதான் வேண்டும். கழற்றிய பில்டரைத் தூக்கிப் போடாமல் வெட்டிப் பார்ப்பது என் வழக்கம். மடிப்புகளைப் பிரித்து டார்ச் அடித்தால், மினுமினுவென்று வெள்ளித் தூள்.

"அண்ணே, என்னண்ணே இது, ஜரிகை மாதிரி இருக்கு?"

காந்தத்தைக் கிட்டே கொண்டு போனேன். ஒட்டவில்லை. இரும்பில்லை. பேரிங்கின் உள்பக்கத்து வெள்ளை உலோகம், வெள்ளீயம் அதிகமுள்ள மென்மையான கலவை. அப்போது மணி இரண்டரை.

மேலாளரை எழுப்பினோம். நல்ல மனிதர், மைசூர்க்காரர், ஓரளவு தமிழ் பேசுவார். "சார், புது எண்ணெய் ஊற்றி ஓட்டுங்கள், அப்புறம் பார்ப்போம். காலையில் ஐந்து ஆபரேஷன் இருக்கிறது" என்றார். புது எண்ணெய் ஊற்றியிருந்தால் அது ஓடியிருக்கும். ஒரு வாரமோ ஒரு மாதமோ, யார் கண்டது? தேய்ந்த பேரிங் தண்டைக் கவ்வினால் கம்ப்ரஸரே போய்விடும், நடுப்பகலில், ஆபரேஷன் நடக்கும்போது. ஓட்ட மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இருவருமாக உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். வரவேற்புக் கூடம், அலுவலக மாடி, கேன்டீன் மூன்றுக்கும் வால்வை மூடிவிட்டால், மற்ற ஒரு சில்லரே அறுவை அறைகளையும் தீவிர சிகிச்சைப் பிரிவையும் தாங்கும். அப்படியே செய்தார்கள். கூடத்தில் காத்திருந்தவர்களுக்கு வியர்த்தது. ஐந்து ஆபரேஷனும் நடந்தன. நாலாம் நாள் தொழிற்சாலை ஆட்கள் வந்து திறந்தபோது பேரிங் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தது. தண்டில் கீறல் விழவில்லை. பேரிங்கோடு செலவு முடிந்தது.

அதன் பிறகுதான் புது எண்ணெய். டின்னைக் கடைசி நிமிஷத்தில் திறந்து, கைப்பம்பால் ஏற்றி, உள்ளே புகுந்த காற்றையும் ஈரத்தையும் வாக்கம் பம்பால் உறிஞ்சி எடுத்து, ஹீட்டரைப் போட்டு எண்ணெய் 60 டிகிரி தாண்டும்வரை காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பில்தான் பலருக்குப் பொறுமை போய்விடுகிறது. காபி குடிக்க நல்ல நேரம் என்று நான் தம்பிகளுக்குச் சொல்வேன்.

பெற்றோர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் நிறையப் பேர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். இங்கே நாலு வருஷம் கற்றுக்கொண்டு வளைகுடாவுக்குப் போகிறார்கள். நல்ல தொழில். அபாயம் எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தக் கேஸ் காற்றை விடக் கனமானது, நிறமில்லை, மணமும் அநேகமாக இல்லை. கீழ்த்தளத்தில் கசிந்தால் தண்ணீர் தேங்குவது போலத் தரையோடு தேங்கிப் பிராணவாயுவை மேலே தள்ளிவிடும். வேறொரு கட்டிடத்தில் ஒரு பையன் பள்ளத்தில் குனிந்து வால்வைத் திருப்பியபடியே மயங்கிச் சாய்ந்தான். மேலே நின்ற கூட்டாளி சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டதால் பிழைத்தான். காற்றாடி ஓடவில்லை, தனியாகப் போயிருந்தால் காலையில்தான் தெரிந்திருக்கும். ஆகவே இரண்டு பேர் இல்லாமல் இறங்காதே, காற்றாடி ஓடாமல் இறங்காதே, உள்ளே பீடி சிகரெட் பற்றவைக்காதே. நெருப்புப் பட்டால் இந்தக் கேஸ் விஷவாயுவாக மாறும். முதலாளி அவசரப்படுத்தினால் வேலையை விட்டுவிட்டு வா என்று வீட்டிலிருந்தே சொல்லி அனுப்புங்கள்.

எண்ணெயே வேண்டாத சில்லர்களும் 2000-க்குப் பிறகு வந்துவிட்டன. தண்டைக் காந்த சக்தியே அந்தரத்தில் தூக்கிப் பிடிக்கும். உரசல் இல்லை, எண்ணெய் இல்லை. பெங்களூரிலும் பல இடங்களில் ஓடுகின்றன. "அப்போ நம்ம பொழப்பு என்னண்ணே ஆகும்?" என்று தம்பிகள் கேட்டார்கள். ஒரு நல்ல சில்லர் இருபது, இருபத்தைந்து வருஷம் உழைக்கும். இப்போது ஓடிக்கொண்டிருக்கிற பழைய இயந்திரங்களுக்கு எண்ணெய் மாற்றியே இவர்களுக்கு நடுவயது வந்துவிடும். அதற்குள் காந்தத்தையும் கற்றுக்கொள்ளட்டும்.

வடித்த எண்ணெய் என்ன ஆகிறது என்று கேட்பீர்கள். விடிகாலையில் கேட்டருகே ஒருவர் நின்றுகொண்டிருப்பார், லிட்டருக்கு இத்தனை என்று விலை பேச. எரிக்கவோ, கட்டுமானப் பலகைக்குப் பூசவோ கொண்டு போவார். கொடுக்கக்கூடாது. 2016-ம் வருஷத்து அபாயக் கழிவு விதிகளின்படி, பழைய எண்ணெய் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் போக வேண்டும்; அதற்குச் சீட்டும் உண்டு. அன்றைய 34 லிட்டரையும் பீப்பாயில் ஊற்றி மூடி, தேதியும் அளவும் கேஸின் பெயரும் எழுதி ஒட்டினோம். ஒரு சிறு பாட்டிலில் மட்டும் பரிசோதனைக்குத் தனியே எடுத்துவைத்தேன். அந்தக் காகிதம் பத்து நாளில் வந்தது. ஈரம் சரியான அளவு, அமிலம் சரியான அளவு, வெள்ளீயம் மட்டும் முந்தைய வருஷத்தைப் போல ஆறு மடங்கு.